மூக்கு போனவன் ஊற்றிய வெர்டிக்கியோ

இத்தாலிய வெள்ளை ஒயின்களில் வெர்டிக்கியோ என்று ஒன்று இருக்கிறது. துபாயில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலின் இத்தாலிய உணவகத்தில் அதைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேச ஆள் கிடையாது. பீற்றிக்கொள்வதாக நினைக்க வேண்டாம், நிஜமாகவே அப்படித்தான். மேஜைக்குப் பக்கத்தில் நின்று, பாட்டிலின் லேபிளை கெஸ்ட் பக்கம் திருப்பிக் காட்டி நான் ஆரம்பித்தால், மெனுவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். இத்தாலியின் கிழக்குக் கடற்கரையை ஒட்டின மலைச்சரிவில் விளைகிற திராட்சை. வைக்கோல் நிறம், ஓரத்தில் லேசாகப் பச்சை. மோந்தால் முதலில் எலுமிச்சைத் தோல், அப்புறம் பச்சை ஆப்பிள், அதற்கும் பின்னால் கொஞ்சம் பெருஞ்சீரகம். வாயில் வைத்தால் பல் கூசுகிற புளிப்பு, கடல் காற்றில் நின்றுவிட்டு உதட்டை நக்கினால் வருகிற உப்பு. விழுங்கின பிறகு நாக்கின் அடியில், தோலோடு மென்ற பாதாமின் கசப்பு.

இத்தனையும் சொல்லுவேன். ஆனால் எனக்கு வாசனை தெரியாது. எலுமிச்சையும் தெரியாது, பெருஞ்சீரகமும் தெரியாது. கொரோனா வருஷத்தில் போன மூக்கு இன்னும் திரும்பி வரவில்லை. கெஸ்டிடம் நான் சொல்லும் வார்த்தைகளில் பாதிக்கு மேல் செத்துப்போன ஒருவனுடையவை. என்னோடு ஒரே ரூமில் ஆறு வருஷம் இருந்தவன். அவன் ஒயினை ஒரு சொட்டுக்கூட வாயில் வைத்தவன் இல்லை.

அவனுக்குக் காயல்பட்டினம், எனக்குப் பாளையங்கோட்டை. ஊரில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத் தூரம்தான், ஆனால் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது இங்கே வந்துதான். ஒரே வயது. முதல் நாளே 'என்ன வே' என்று ஆரம்பித்தவர்கள், கடைசி வரைக்கும் 'நீர், உமக்கு' என்றுதான் பேசிக்கொண்டோம். சண்டை போட்டாலும் மரியாதை குறையாது, அது எங்கள் பக்கத்து வழக்கம்.

உணவகத்தின் அடுப்படியில் மீன் பகுதி அவன் பொறுப்பு. ஐந்து வேளையும் தொழுகிறவன். மீனுக்கு ஊற்றுகிற சாஸில் வெள்ளை ஒயின் சேர்க்க வேண்டிய இடம் வந்தால், பக்கத்து அடுப்பில் நிற்கும் நேபாளிக்குக் குரல் கொடுப்பான். அந்த ஆள் வந்து ஊற்றிவிட்டுப் போவான். நேபாளி லீவில் போன மாசங்களில் நான் போய் ஊற்றுவேன். "பாத்து ஊத்தும் வே, ஒம்ம கல்யாண வீடு மாதிரி ஊத்தாதேயும்" என்பான். என் கல்யாணத்துக்கு அவன் வந்ததே கிடையாது, அங்கே யாரும் எதையும் ஊற்றவும் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் அதே கேலி.

தொடவும் மாட்டான், குடிக்கவும் மாட்டான். ஆனால் மோப்பான். அப்பா, என்ன மூக்கு அது! சாயங்காலம் கெஸ்ட் வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிரீஃபிங் நடக்கும். அன்றைய மீன் என்ன, அதற்கு எந்த ஒயினைச் சொல்ல வேண்டும் என்று பரிமாறுகிற எல்லாருக்கும் நான்தான் சொல்லித்தர வேண்டும். அதற்குப் பத்து நிமிஷம் முன்னால், ஒரு கிளாஸில் ரெண்டு விரல் அளவு ஊற்றி எடுத்துக்கொண்டு அடுப்படி ஜன்னலுக்குப் போய்விடுவேன். அவன் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். கிளாஸை நான் பிடித்திருக்க, குனிந்து மூக்கை மட்டும் கொண்டுவருவான்.

"இதெல்லாம் செய்யலாமா வே?" என்று ஆரம்பத்தில் ஒருநாள் கேட்டேன்.

"குடிக்கத்தான் கூடாது. நான் என்ன, காத்தையா குடிக்கேன்? சும்மா புடியும்" என்றான்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். எலுமிச்சைத் தோல் அவன் சொன்னதுதான். பெருஞ்சீரகம் அவன் சொன்னதுதான். ஒயின் படிப்புப் புத்தகத்தில் 'வெள்ளைப் பூக்கள்' என்று போட்டிருக்கும். எந்தப் பூ என்று எந்தப் பயலும் சொல்ல மாட்டான். இவன் மோந்துவிட்டு "புளியம்பூ" என்றான். புளியம்பூவை மோந்து பார்த்தவன் அந்தக் கட்டடத்திலேயே நாங்கள் ரெண்டு பேர்தான், நானும் அதை அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். அவனுக்கு வாசனை மட்டும், எனக்கு நாக்கும் சேர்த்து. "கடைசில என்ன வருது?" என்று கேட்பான். கசப்பு என்றேன். உடனே மீனோடு ஜோடி சேர்க்க ஆரம்பித்துவிட்டான்.

"அப்ப எண்ணெய்ல போட்டு எடுத்ததுக்கு நல்லாருக்கும். நெத்திலியப் பொரிச்சு, அதுகூடக் குடும். ஒவ்வொரு மடக்கும் எண்ணெயக் கழுவி விட்டுரும், அடுத்த நெத்திலிக்கு வாய் புதுசா இருக்கும். கணவாய்க்கும் ஆகும். சிப்பி போட்டு ஒரு நூடுல்ஸ் செய்றோமே, அதுக்கு இன்னும் ஆகும். தக்காளியக் கொட்டிச் செய்யுற மீன் சூப்புக்கு வேண்டாம், ரெண்டு புளிப்பும் மல்லுக்கு நிக்கும்."

"அது நூடுல்ஸ் இல்ல வே, ஸ்பகெட்டி."

"எதுவோ ஒண்ணு. ஊருல எங்க உம்மா வைக்கிற தேங்காப்பால் மீன் ஆணத்துக்கும் இது பொருந்தும். ஆனா அத அங்க கொண்டுபோய்ச் சொல்ல முடியுமா? செருப்பால அடிப்பா."

ஆணம் என்றால் அவர்கள் வீட்டில் குழம்பு. வெள்ளிக்கிழமை எங்கள் ரெண்டு பேருக்கும் லீவு கிடைக்கிற அபூர்வமான வாரங்களில் ரூமுக்கு வெளியே இருக்கிற பொது அடுப்படியில் அதை வைப்பான். நான் சாப்பிட்டுக்கொண்டே மனசுக்குள் வெர்டிக்கியோவை ஒரு மடக்கு குடித்துப் பார்ப்பேன். பொருந்தும். சத்தியமாகப் பொருந்தும். தேங்காய்ப்பாலின் கொழுப்பை அந்தப் புளிப்பு சரியாக வெட்டும். அவன் ஜோடி சேர்த்தது எதுவும் தப்பினதில்லை. பெரிய இத்தாலியச் செஃப்கூட "உன் நண்பனிடம் கேட்டாயா?" என்றுதான் என்னிடம் கேட்பார்.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. உலகத்துக்கே வந்ததுதான், எங்களுக்கு மட்டுமா? ஹோட்டலை மூடினார்கள். மாசக்கணக்கில் ரூமுக்குள் படுத்துக் கிடந்தோம். மறுபடி திறந்தபோது பாதிப் பேரைத்தான் கூப்பிட்டார்கள். மற்ற பாதிக்கு டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் ரெண்டு பேரும் கூப்பிட்ட பாதியில் இருந்தோம். தினமும் டூட்டிக்குப் போக ஹோட்டல் பஸ் ஏறும்போது நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக் காய்ச்சல் பார்ப்பார்கள். காய்ச்சல் இருந்தால் பதினாலு நாள் தனி ரூம். அவனோடு ரூமில் இருந்தவனுக்கும் பதினாலு நாள். போனவர்களில் சிலரை 'ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம்' என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் எல்லாருக்கும் பயம். சாவுக்குப் பயந்ததைவிட அந்தப் பதினாலு நாளுக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம் என்று இப்போது சொன்னால் யாருக்கும் புரியாது.

திறந்து பத்து நாள் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பல் தேய்த்தேன். பேஸ்ட் வெறும் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. சோப்பை மோந்தேன், ஒன்றுமில்லை. அவனுடைய அத்தர் பாட்டிலைத் திறந்து மோந்தேன், ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. மூக்கு மட்டும் கழற்றி வைத்த மாதிரி போய்விட்டது. அது என்ன அடையாளம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த மாசங்களில் அதைத் தெரியாதவன் யார்?

ஒயின் ஊற்றுகிறவனுக்கு மூக்கு போனால் என்ன மிச்சம்? அதைத்தான் முதலில் நினைத்தேன். அவனை நினைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவன், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவன், அவனை நான் ரெண்டாவதாகக்கூட நினைக்கவில்லை.

பொது அடுப்படியில் டீக்குப் பால் வைத்துவிட்டு அவன் குளிக்கப் போயிருந்தான். "கொஞ்சம் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் வாசனை எத்தனை நாளில் திரும்பும் என்று தேடிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் போனதோ. தலையைத் துவட்டிக்கொண்டே ஓடிவந்து அடுப்பை அணைத்தான். பாத்திரம் கறுப்பாகிக் கிடந்தது, புகை மேலே மிதந்துகொண்டிருந்தது. நான் அதற்கு ரெண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"தீஞ்சுட்டே வே. வாடை வரலியா?"

"வந்துச்சு வே, இப்பதான் எந்திரிக்கப் போனேன்."

என்னை ஒரு தடவை பார்த்தான். சரி என்றான். பாத்திரத்தைக் கொண்டுபோய்த் தேய்க்க ஆரம்பித்தான்.

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். அன்றையிலிருந்து அவன் கட்டிலில் தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றிப் படுத்தான். ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கிறதாம். ரூமுக்குள்ளேயும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றான். நானும் நம்பினேன். மூன்றாம் நாள் பஸ் வாசலில் அவன் நெற்றியில் வைத்தபோது அந்தத் துப்பாக்கி சத்தம் போட்டது. அவனை ஒரு வேனிலும் என்னை வேறொரு வேனிலும் ஏற்றினார்கள். நாங்கள் ரெண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் கடைசி. வேன் கதவை மூடும்போது அவன் கையைக் காட்டினான், நானும் காட்டினேன்.

எனக்கும் இருப்பதாக டெஸ்ட்டில் வந்தது. எல்லாரும் அவனிடமிருந்து எனக்கு ஒட்டினதாக நினைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதினோராம் நாள் செத்துப்போனான். அப்போது நான் தனி ரூமில் அடைபட்டிருந்தேன், அடக்கம் செய்ததையும் போனில்தான் கேட்டேன். வெளியே வந்ததும் எல்லாரும் என் தோளில் தட்டி, "பாவம், அவனோடு இருந்து நீ தப்பிச்சதே பெரிய விஷயம்" என்றார்கள். ஒவ்வொருத்தனையும் பிடித்து அறைய வேண்டும் போல இருந்தது. அறைய வேண்டியது யாரை என்று எனக்குத் தெரியும்.

பின்னால் ஒரு டாக்டரிடம் வேறு யாருக்கோ நடந்த கதை மாதிரி இதைக் கேட்டேன். மூக்கு போவதற்கு முன்னாலேயே ஒட்டியிருக்கலாம், அன்றைக்கே சொல்லியிருந்தாலும் ஒருவேளை பிரயோஜனம் இருந்திருக்காது என்றார். ஒருவேளை! அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மறுபடி டூட்டிக்குப் போனேன். வாசனை ஒரு மாசத்தில் வரும் என்றார்கள், மூன்று மாசத்தில் வரும் என்றார்கள். வரவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரு பொய்யைக் காப்பாற்றினவனுக்கு அடுத்ததைக் காப்பாற்றக் கஷ்டமா என்ன? நாக்கு மட்டும் எனக்கு மிச்சம் இருந்தது. உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு, இவ்வளவுதான் நாக்குக்குத் தெரியும். மற்றதெல்லாம் மூக்கு செய்கிற வேலை. எங்கள் செல்லாரில் இருக்கும் வெள்ளை ஒயின்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தேன். பாதி எனக்குப் புளித்த தண்ணீர். வெர்டிக்கியோ ஒன்றுதான் அடையாளம் தெரிந்தது. அந்தப் புளிப்பும், உப்பும், கடைசியில் வருகிற கசப்பும் நாக்குக்கே உரியவை, அதற்கு மூக்கின் தயவு வேண்டாம். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிறவன் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டேன்.

அதனால் எல்லா மேஜைக்கும் வெர்டிக்கியோ. பொரித்த மீன் கேட்டால் வெர்டிக்கியோ, சிப்பி கேட்டால் வெர்டிக்கியோ, கோழி கேட்டால்கூட 'இதை முயற்சி செய்து பாருங்களேன்' என்பேன். கார்க் போட்ட ஒயின் சில சமயம் கெட்டு, நனைந்த அட்டைப் பெட்டி மாதிரி நாறும். மோந்துதான் அதைக் கண்டுபிடிக்க முடியும். நாங்கள் வாங்குகிற வெர்டிக்கியோவுக்குத் திருகு மூடி, அந்தத் தொல்லை கிடையாது. அதுவும் எனக்குத் தோதாகப் போயிற்று. அடுத்த வருஷம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இவ்வளவு வெர்டிக்கியோ இதுவரை யாரும் விற்றதில்லை என்று கைகொடுத்தார். அவர் கோவாக்காரப் பெண், நேர்மையானவர், யாரையும் சும்மா புகழ மாட்டார். நான் சிரித்தேன். முகம் சிரித்தது, அவ்வளவுதான்.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. ஒரு நாள் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோய் மோப்பது போல நடித்துக்கொண்டிருந்தபோது, வாசனை வந்தது. வந்துவிட்டது, மூக்கு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். அது தீய்ந்த பாலின் வாசனை. கிளாஸில் பால் இல்லை, அடுப்படியிலும் இல்லை, அந்த மாடியிலேயே இல்லை. பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் கேட்டேன், "ஒன்றும் தீயவில்லையே சார்" என்றாள். அன்றையிலிருந்து எந்த ஒயினைத் திறந்தாலும் அதுதான். நரம்பு தப்பும் தவறுமாக முளைக்கும்போது இல்லாத வாசனை வருமாம், பலருக்கும் கரிந்த வாசனைதான் வருமாம். டாக்டர் இதைச் சொன்னார். நம்பத்தான் பார்த்தேன். ஆனால் மேஜை முன்னால் நின்று 'எலுமிச்சைத் தோல்' என்று ஆரம்பிக்கும்போது, என் தோளுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒருவன் குனிந்து நிற்பது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டேன். அவன் சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே ஒப்பிப்பேன். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். ஒரு தடவை இத்தாலிக்காரக் கிழவி ஒருத்தி, "எங்கள் ஊர் மண்ணில் பிறந்தவன் பேசுகிற மாதிரி பேசுகிறாயே" என்று கண் கலங்கினாள். அவளிடம் என்ன சொல்ல? பேசினவன் பிறந்தது தூத்துக்குடி மாவட்டம் என்றா?

போன குளிர்காலத்தில் ஒரு போன் வந்தது. துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் செராமிக் ஃபாக்டரி பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒருவர். அவனுடைய மனைவியின் அண்ணன். "தங்கச்சி விசிட்ல வந்திருக்கா. உங்களைப் பாக்கணும்ங்கா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு சாப்பாட்டுக்கு வாங்க" என்றார். அவளை நான் பார்த்ததில்லை. அவன் போனில் வீடியோ போடும்போது ஓரத்தில் வந்து, "அண்ணன் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிற ஒரு முகம்தான் தெரியும். அவன் இறந்த பிறகு ஒரே ஒரு தடவை பேசினேன். ரெண்டு பேரும் அழுதோம். அதற்கப்புறம் பெருநாளுக்கு வாழ்த்து அனுப்புவதோடு தப்பித்துக்கொண்டேன்.

போகாமல் இருக்க எத்தனை சாக்கு உண்டோ அத்தனையும் யோசித்தேன். கடைசியில் போய்விட்டேன். பஸ்ஸில் வழி முழுக்க ஒரே எண்ணம்தான். இவளிடம் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொல்லவில்லை என்றால் அப்புறம் நான் மனுஷனே இல்லை. ராஸ் அல் கைமா எல்லையில் சிமெண்ட் ஃபாக்டரிகள் தெரிய ஆரம்பித்ததும், சொல்லி என்ன ஆகப்போகிறது, ஆறின புண்ணைக் கிளறுவானேன் என்று தோன்றியது. இறங்கும்போது எந்தப் பக்கமும் இல்லாமல் இறங்கினேன்.

கடைக்கு மேலே வீடு. அவள் அண்ணன் வாசலிலேயே நின்று கூட்டிப்போனார். தரையில் விரிப்பு விரித்துச் சாப்பாடு வைத்திருந்தார்கள். நெய்ச்சோறு, பொரித்த மீன், நடுவில் தேங்காய்ப்பால் மீன் ஆணம். அண்ணன் மனைவி பரிமாற, அவள் எனக்கு எதிரே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். முந்தின நாள் துபாய்க்கு வந்து மய்யவாடிக்குப் போய், அவனை அடக்கம் செய்த கபரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். பிள்ளைகள் உம்மாவிடம் ஊரில் இருக்கிறார்களாம், பெரியவள் ப்ளஸ் டூவாம். குரல் அமைதியாக இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. அண்ணன் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கடைக்கு ஆள் வந்துவிட்டதென்று கீழே போய்விட்டார்.

"ஆணம் எப்படி இருக்கு அண்ணன்? நான்தான் வச்சேன். அவங்க வைக்கிற மாதிரி இருக்கா?"

"அப்படியே அவன் கைப்பக்குவம்மா. அதே வாசம்" என்றேன்.

நினைக்கக்கூட இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்தது உப்பும் கொஞ்சம் காரமும்தான். சொல்லி முடிப்பதற்குள் அசிங்கமாகிவிட்டது. செத்தவன் பொண்டாட்டி ஆக்கிப்போட்ட சோற்றில் கையை வைத்துக்கொண்டு, அவளிடமே அதே பொய். சோற்றைப் பிசைந்த கையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

"பொய் சொல்லிட்டேன்மா. எனக்கு வாசனை தெரியாது. அவனுக்குக் காய்ச்சல் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே எனக்கு மூக்கு போயிருச்சு. அது என்ன வியாதின்னு தெரிஞ்சேதான் நான் சொல்லல. வேலை போயிரும்னு பயந்து மறைச்சுட்டேன். ஒரே ரூம்ல படுத்துக்கிட்டு மறைச்சுட்டேன். அவனுக்கு என்கிட்ட இருந்துதான் வந்துச்சு."

பரிமாறின பெண் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. அழக்கூடாது, அழுதால் அதுவும் ஒரு நடிப்பாகப் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் அண்ணன்" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"அன்னைக்கே போன்ல சொல்லிட்டாங்க. பால் கரிஞ்சு அடுப்படியெல்லாம் புகை, பக்கத்துல உக்காந்துக்கிட்டு ஆளு போனைப் பாத்துட்டு இருக்காரு, அவருக்கு வந்துட்டு போலன்னாங்க. நான் கத்துனேன். உடனே ஆபீஸ்ல சொல்லுங்க, ரூமை மாத்துங்க, உங்களுக்குச் சுகர் இருக்குன்னு கத்துனேன். கேக்கல."

"ஏன்?" என்று கேட்டேன்.

"'நான் போய்ச் சொன்னா காட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும். அவருக்கு மூக்குதான் பொழப்பே. அவரு வாயால சொல்லட்டும், அதுதான் மரியாதை. சொல்லாம இருக்கமாட்டாரு'ன்னாங்க. மறுநாளும் கேட்டேன், சொன்னாரான்னு. 'இன்னும் இல்ல, நாளைக்குச் சொல்லிருவாரு பாரு'ன்னாங்க. உங்களை அவ்வளவு நம்பினாங்க அண்ணன்."

கீழே கடையில் யாரோ ஹிந்தியில் அரிசி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க மேல எனக்குக் கோவம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். நீங்களா சொல்லுவீங்களான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன். சொல்லாமப் போயிருந்தீங்கன்னா உங்க முகத்துல முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

"இப்ப எப்படிம்மா?"

"இப்பவும் கோவம் இருக்கு" என்றாள். "நீங்க சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அவள் எழுந்து போகாமல் நான் முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் டூட்டிக்குப் போனதும் நேராக மேனேஜர் ரூமுக்குப் போய், எனக்கு வாசனை தெரியாது, இத்தனை வருஷமாகத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். முதலில் விளையாடுகிறேன் என்று சிரித்தார். அப்புறம் என்னை ஒயின் வேலையிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது நான் டேபிள் புக்கிங் எழுதுகிற இடத்தில் நிற்கிறேன். அந்தப் பிலிப்பைன்ஸ் பெண்தான் ஒயின் ஊற்றுகிறாள். வெர்டிக்கியோவை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். புளியம்பூவை மட்டும் அவளுக்குப் புரியவைக்க முடியவில்லை.

மேனேஜரிடம் சொன்னால் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இறங்கவில்லை, இடம்தான் மாறியது. முன்னால் அவனை ஏமாற்றிவிட்டேன் என்று கிடந்தேன். இப்போது அவன் ஏமாறவே இல்லை என்று தெரிந்துபோயிற்று. ரெண்டு நாள் ஒருவன் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, தலையை அந்தப் பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அந்த ரெண்டு நாளை ஒவ்வொரு நிமிஷமாக நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். நிறைய மறந்துவிட்டது. ரெண்டாம் நாள் காலை மட்டும் மறக்கவில்லை. டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அவன் குனிந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். முடிச்சு எப்போதோ விழுந்துவிட்டது, ஆனாலும் அவன் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "என்ன வே, என்கிட்ட ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல வே. பஸ் போயிரும், எந்திரியும்" என்றேன்.